பிள்ளை பிறந்த பின் தாயின் இரத்தத்தை யார் சோதிப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இனிப்பு நீர் எனப்படும் நீரிழிவைப் பற்றிய அறிவுரைகளுக்கு நம்மிடையே பஞ்சமில்லை. சோற்றைக் குறைக்கவும் நடக்கவும் எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் கர்ப்ப காலத்தில் வந்து, பிரசவத்தோடு போய்விட்டதாக நம்பப்படும் இனிப்பு நீர் பல பெண்களை மீண்டும் பிடித்துக்கொள்வதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

மலேசிய சுகாதார அமைச்சு 2019ஆம் ஆண்டில் நடத்திய தேசிய ஆய்வில், நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. இத்தகைய சமூகத்தில் கர்ப்பகால நீரிழிவைச் சிறிய விஷயமாக நினைப்பது எனக்கு வியப்பளிக்கிறது.

பெரும்பாலும் 24ஆம் வாரத்திலிருந்து 28ஆம் வாரத்திற்குள் குளுக்கோஸ் நீரைக் குடிக்கக் கொடுத்து இரத்தத்தைச் சோதிக்கிறார்கள். சர்க்கரை கூடியிருந்தால், அதன் பிறகு உணவுக் கட்டுப்பாடு, விரலில் குத்திப் பார்ப்பது, தேவையானால் இன்சுலின் என்று பிரசவம் வரை கவனிப்பு தொடர்கிறது. பிள்ளை பிறந்ததும் பெரும்பாலோருக்குச் சர்க்கரை இறங்கிவிடுவதால் வீட்டாரும் நிம்மதியடைந்து விடுகிறார்கள். ஆனால் இப்பெண்களுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு, மற்றப் பெண்களைவிட ஏழு முதல் பத்து மடங்கு அதிகம் எனப் பன்னாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. அதனால்தான் பிரசவத்துக்குப் பின் ஆறு வாரங்களில் தொடங்கிப் பன்னிரண்டு வாரங்களுக்குள் ஒரு சோதனையும், பிறகு ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதனையும் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள்.

அந்த ஆறாவது வாரத்தில் நம் வீட்டுப் பெண் பத்தியத்திலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருப்பாள். (பத்தியத்தில் பூண்டுக்கும் நல்லெண்ணெய்க்கும் காட்டும் கண்டிப்பை இந்தச் சோதனைக்கும் நம் பாட்டிமார் காட்டினால் எவ்வளவோ நன்மை.) பிறகு பினாங்கின் பிறையிலோ பாயான் லெப்பாசிலோ உள்ள தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குத் திரும்பிவிடுவாள். அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். ஆனால் வெறும் வயிற்றோடு காலையில் போய்க் காத்திருக்க அரைநாள் விடுப்பு வேண்டும். மாமியாரின் மருந்து தீர்ந்தால் அவளே போய் வாங்கி வருவாள். தன் சோதனையை மட்டும் அடுத்த மாதத்திற்குத் தள்ளிப்போடுவாள்.

ஆனால் அதே பெண், இரண்டாம் மாதத் தடுப்பூசிக்குக் குழந்தையைத் தவறாமல் தூக்கிக்கொண்டு வருகிறாள். தாதியாகப் பணியாற்றிய காலத்தில் இதை நான் கண்டிருக்கிறேன். முந்தின நாளே தகவல் அனுப்பி, சாப்பிடாமல் வரச் சொல்லி, தடுப்பூசி போடும் அதே வேளையில் தாயின் இரத்தத்தையும் எடுத்துவிட்டால் அவள் தனியாக விடுப்பு எடுக்க வேண்டியதில்லை. குழந்தைக்கு ஒரு வயதாகும்போது போடும் தடுப்பூசியோடு அடுத்த சோதனையைச் சேர்க்கலாம். எதற்காக இந்தச் சோதனை என்பதைத் தமிழில் எடுத்துச் சொல்லவும் கிளினிக்குகள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. குறைந்த வருமானம் பெறுவோருக்காக 2019இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தின் இலவசச் சோதனை 40 வயதை எட்டியவர்களுக்கே கிடைக்கிறது. 28 வயதில் கர்ப்பகால நீரிழிவு கண்ட பெண், அத்திட்டத்தில் சேர 12 ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டும். கர்ப்பகால நீரிழிவு இருந்ததைக் கிளினிக் பதிவு காட்டுமானால், அப்பெண்களுக்கு இந்த வயது வரம்பைத் தளர்த்துமாறு சுகாதார அமைச்சைக் கேட்டுக்கொள்கிறேன். பினாங்கின் சட்டமன்ற உறுப்பினர்களும் இதை முன்மொழியலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி,
பட்டர்வொர்த், பினாங்கு