படகை அளந்துவிட்டு இஞ்சினைத் தாருங்கள்

வடக்கின் கடற்றொழிலாளருக்குப் படகும் வெளியிணைப்பு இயந்திரமும் வழங்குகின்ற அதிகாரிகளுக்கும் உதவி நிறுவனங்களுக்கும்,

வணக்கம். மீள்குடியேறிய நாளிலிருந்து முல்லைத்தீவுக் கரையில் இஞ்சின் திருத்துகிறவன் நான். நீங்கள் தந்த இயந்திரங்களால் எத்தனையோ அடுப்பு எரிகிறது. அந்த நன்றியோடுதான் எழுதுகிறேன். ஆனால் போன மாதம் ஒரு புத்தம் புதுப் படகில் இஞ்சினை மாட்டுகிற பின்பலகையை என் கையாலேயே வாள் போட்டு அறுத்தேன். அதற்குப் பிறகும் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

படகு 18 அடி. உங்கள் ஒட்டுத்தாளின் ஓரம்கூடக் கிளம்பவில்லை. இத்தனை வருடம் அடுத்தவன் படகில் பங்குக்குப் போனவருக்குக் கிடைத்த முதல் சொந்தப் படகு அது. வெள்ளோட்டம் விட்டு அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தார். "தம்பி, இஞ்சின் கத்துது, வள்ளம் நகருதில்லை" என்றார். நான் நாடாவை எடுத்து அளந்தேன். பின்பலகையின் உயரம் 20 அங்குலம். நீங்கள் தந்த 15 குதிரைவலு இஞ்சினோ 15 அங்குலப் பலகைக்குச் செய்த குட்டைக் கால், அதாவது தண்ணீருக்குள் இறங்குகிற பகுதி நீளம் குறைந்தது. புரொப்பெல்லர் இருக்கவேண்டிய ஆழத்திலிருந்து 5 அங்குலம் மேலே நிற்கிறது. சின்ன அலை தூக்கினாலே மேற்பரப்புக் காற்றை இழுத்துக்கொண்டு வெறுமனே சுற்றும். இஞ்சின் அலறும், படகு நிற்கும். பலகையை வெட்டி இஞ்சினைக் கீழே இறக்குவதுதான் கைக்கு எட்டிய வழி.

"வெட்டாமல் வேற வழியில்லையா?" என்று மூன்று தரம் கேட்டார். நீண்ட கால் இஞ்சினாக மாற்றித் தரச் சொல்லிக் கொடுத்த கடிதத்துக்குப் பதில் வரவில்லை, மீன்பாட்டுக் காலமோ போய்க்கொண்டிருந்தது. வெட்டினோம். வெள்ளைக் கண்ணாடிநார்த் தோலுக்குள்ளே ஒட்டுப்பலகை அடுக்கடுக்காய்த் தெரிந்தது. அதன்மேல் றெசின் இரண்டு தரம் பூசினேன். எவ்வளவு பூசினாலும், இஞ்சின் அதிர்ந்து அதிர்ந்து அந்த ஓரத்தில் ஒரு மயிரிழை வெடிப்பு விழுந்தால் போதும், உப்புத்தண்ணீர் உள்ளே இறங்கிப் பலகை உழுத்துப் போகும். அறுத்த துண்டை அவர் மனைவி எடுத்துச் சேலைத் தலைப்பால் தூசு துடைத்து வைத்துக்கொண்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

நான்காம் நாள் கரைக்குத் திரும்பும்போது பின்னால் வந்த அலை அந்தப் பள்ளத்தால் உள்ளே ஏறியது. வெட்டிய கான் ஒன்றால் மகன் தண்ணீரை இறைத்துக்கொண்டே வந்ததால் தப்பினார்கள். பின்பலகை உயரமாய் இருப்பதே அந்த அலையைத் தடுக்கத்தான். அதை அறுக்கவைத்தது எங்கள் அறியாமை அல்ல.

படகுக்கு ஒரு கேள்விப்பத்திரம், இஞ்சினுக்கு இன்னொன்று என்று போவது உங்களுக்குத் தெரியும். இரண்டு கோப்பும் மேசையில் சந்திப்பதில்லை. இரண்டும் முதன்முதலாகச் சந்திப்பது எங்கள் மணலில். ஆகவே கேட்கிறேன்: படகை அளந்துவிட்டு இஞ்சினைத் தாருங்கள்.

புரொப்பெல்லர் விடயமும் இதேதான். அதன் நடுவிலுள்ள குடத்தில் இரண்டு எண் பொறித்திருக்கும். முதலாவது விட்டம், இரண்டாவது பிட்ச், அதாவது வழுக்காமல் போனால் ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னேறும் என்ற கணக்கு. அந்தப் படகோடு வந்த தொகுதியில் எல்லோருக்கும் 11 அங்குலப் பிட்ச் வந்தது. ஒருவர் மட்டும் ஏறி வெறும் படகில் பறந்து திரிய அது நல்லது. எங்கள் படகில் வலை, ஐஸ் பெட்டி, எரிபொருள் கான், மூன்று ஆட்கள். இஞ்சினின் சுற்றை எண்ண நான் பிளக் வயரில் மாட்டிப் பார்க்கும் சின்ன மீற்றர் ஒன்று வைத்திருக்கிறேன். பாரத்தோடு வேகப்பிடியை முழுவதும் திருகியபோது நிமிடத்துக்கு 4000 சுற்றைத் தாண்டவில்லை. அந்த இஞ்சினின் கையேடோ 4500 முதல் 5500 வரை ஓடவேண்டும் என்கிறது. அணியம், அதாவது படகின் முன்புறம், மேலே தூக்கி, பின்புறம் புதைந்து, படகு கடலை உழுதுகொண்டுதான் போனது.

இரவல் வாங்கி 8 அங்குலப் பிட்ச் போட்டோம். பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் ஏறக்குறைய 150 முதல் 200 சுற்று கூடும். மீற்றர் 4600 காட்டியது. படகு எழும்பி ஓடியது. எழும்பிய பிறகு முழுவதும் திருகவேண்டிய தேவையே இருக்கவில்லை. அதே வலைக்குப் போய்த் திரும்பியபோது வழக்கத்தைவிட 4 லீற்றர் மண்ணெண்ணெய் கானில் மிஞ்சியிருந்தது. 2022 ஆகஸ்டில் ஒரே இரவில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானபோது படகைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கூலிவேலைக்குப் போனவர்களை நான் கண்டவன். 4 லீற்றரின் பெறுமதி எங்களுக்குத் தெரியும்.

எரிபொருள் மட்டும் என்றாலும் பொறுக்கலாம். பொருந்தாத புரொப்பெல்லரோடு மூச்சுத் திணறி ஓடுகிற இஞ்சினில் சூடு ஏறும். மண்ணெண்ணெயில் ஓடுவதால் கரியும் சீக்கிரம் படியும். றிங் ஒட்டும், கடைசியில் பிஸ்டன் போகும். அப்படிப் போன பிஸ்டன்கள் என் கொட்டிலில் ஒரு வாளி நிறையக் கிடக்கின்றன. அவற்றைக் கொண்டுவந்தவர்களிடம் "பராமரிப்புப் போதாது" என்று நீங்கள் எழுதிய கடிதங்களும் இருந்தன. ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் இஞ்சினைக் கழுவுகிறவர்களுக்கு அந்த வார்த்தை எப்படி வலிக்கும் என்று யோசித்தீர்களா?

இரவில் இந்தியாவிலிருந்து இழுவைப் படகு வந்து வலையை வாரிக்கொண்டு போகிறது. கடலடியை வாரும் இழுவை மடிக்கு இலங்கையில் 2017 இலேயே சட்டத்தால் தடை வந்தது, காலையில் அறுந்த கயிறுதான் இன்னமும் எங்கள் கையில் வருகிறது. அதற்கு முறையிட்டால் இரு நாட்டுப் பேச்சுவார்த்தை என்கிறீர்கள். சரி, அது பெரிய விடயம், உங்கள் கையில் மட்டும் இல்லை. ஆனால் ஓர் அளவு நாடா உங்கள் கையில் இருக்கிறதே! கையளிப்பு விழாவுக்குப் பந்தல் போடவும் படம் எடுக்கவும் நேரம் கிடைக்கும்போது, ஒரு பலகையை அளக்க ஐந்து நிமிடம் கிடைக்காதா?

கோபத்தில் எழுதியது கூடியிருந்தால் மன்னியுங்கள். பணிவாகவே கேட்கிறேன். இஞ்சின் வாங்குமுன் பின்பலகையை அளந்து பாருங்கள். 20 அங்குலப் பலகைக்கு நீண்ட கால் இஞ்சின் வாங்குங்கள். கியர்ப் பெட்டிக்கு மேலே இருக்கிற தட்டு படகின் அடிமட்டத்தோடு ஒட்டி, அல்லது அதற்குச் சற்றுக் கீழே நிற்கவேண்டும். ஒவ்வோர் இஞ்சினுக்கும் பாரத்துக்கு ஏற்ற பிட்ச்சில் புரொப்பெல்லர் கொடுங்கள். முடிந்தால் சங்கத்துக்கு இரண்டு மூன்று அளவுகளில் வாங்கி வையுங்கள், மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். கையளிக்கும் நாளிலேயே வலையும் ஆட்களும் ஏற்றி ஒருதரம் ஓட்டிப் பாருங்கள். இஞ்சினின் சாய்வை நிறுத்திவைக்கும் சாய்வு ஊசியை எந்தத் துளையில் போடவேண்டும் என்பதும் அந்த ஓட்டத்தில்தான் தெரியும். ஒரு துளை மாற்றினாலே அணியம் இறங்கி ஓடிய படகுகள் இங்கே இருக்கின்றன. அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

அடுத்த தொகுதிக்குப் பெயர்ப்பட்டியல் எடுக்கிறார்கள் என்று சங்கத்தில் சொன்னார்கள். அந்தப் படிவத்தில் அடையாள அட்டை இலக்கத்துக்குப் பக்கத்தில் பின்பலகை உயரத்துக்கும் ஒரு கட்டம் போடுங்கள். எங்கள் கரையின் படகுகளை நானே அளந்து நிரப்பித் தருகிறேன், கூலி வேண்டாம். வாடைக் கடல் கொந்தளிக்குமுன் அந்த அறுத்த படகுக்கும் ஒரு வழி செய்யுங்கள். ஒட்டுப்பலகைத் துண்டு இன்னும் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறது. நீண்ட கால் இஞ்சின் ஒன்று தந்தால், அந்தத் துண்டை வைத்து றெசின் போட்டு நானே பொருத்திக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
முல்லைத்தீவுக் கரையிலிருந்து
ஓர் இஞ்சின் திருத்துநர்