மோடத்தோடு அந்தப் பையையும் கண்காட்சியில் வையுங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். உங்கள் பள்ளியில் மாணவர்களுக்காக நீங்கள் ஏற்பாடு செய்துவரும் பழைய கணினிக் கண்காட்சிக்கு என் மடிக்கணினியையும், அதைத் தொலைபேசி லைன் வழியே இணையத்தோடு இணைக்கும் மோடம் கார்டையும் எடுத்துக்கொண்டு, பையில் இருந்த மற்றவை தேவைப்படாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். அவற்றையும் பெற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். பிரான்சில் உறவினர் இல்லாத தெரு புதுச்சேரியில் குறைவு. தொண்ணூறுகளின் இறுதியில் அங்கே போய்வந்த நம்மவர்கள் மின்னஞ்சல் பார்க்க என்ன பாடுபட்டார்கள் என்பதை மோடம் மட்டும் சொல்லாது. அந்தப் பைதான் சொல்லும்.

முதலில் அந்தத் தந்த நிறப் பிளக்கைப் பாருங்கள். மோடத்தில் இருப்பது ஆர்ஜே-11 என்னும் சின்னஞ்சிறு துளை. பிரான்சின் பழைய வீடுகளில் சுவரில் இருந்ததோ, ஆங்கில ‘T’ எழுத்தின் வடிவில் அமைந்த பெரிய சாக்கெட். இந்தப் பிளக்கின் முன்பக்கத்தில் தட்டையான உலோகத் தகடுகளும், விலாவில் ஆர்ஜே-11 துளையும், முதுகில் இன்னொரு ‘T’ சாக்கெட்டும் இருக்கின்றன. ஆகவே வீட்டுத் தொலைபேசியை இதன் முதுகில் செருகிவிட்டு, அதே இணைப்பில் மோடத்தையும் பொருத்தலாம். ஜெர்மனிக்கு வேறு பிளக், பிரிட்டனுக்கு வேறு.

ஆனால் செருகிய உடனே மோடம் வேலை செய்துவிடாது. எண்ணை டயல் செய்வதற்கு முன் அது டயல் டோன், அதாவது லைன் தயார் என்று காட்டும் ஒலி, வருகிறதா என்று கவனிக்கும். அந்த ஒலி நாட்டுக்கு நாடு மாறும்: அமெரிக்காவில் 350, 440 ஹெர்ட்ஸ் ஒலிகள் இரண்டும் சேர்ந்து வரும், பிரான்சில் 440 ஹெர்ட்ஸ் மட்டும், இந்தியாவில் 400 ஹெர்ட்ஸ், அதுவும் சற்றே அதிர்வோடு. ஒரு நாட்டு டோனுக்கு என்று அமைக்கப்பட்ட மோடம், பாரிசில் ரிசீவரை எடுத்தால் நம் காதுக்குத் தெளிவாகக் கேட்கும் டோனை இனங்காணாமல், டயல் டோன் இல்லை என்று கைவிரித்துவிடும். விண்டோஸ் அதை 680-ஆம் எண் பிழை என்று காட்டும். மோடம் பழுதாகிவிட்டது என்று எண்ணிப் பயணம் முழுவதும் அதைத் தொடாமலே திரும்பியவர்கள் உண்டு. பழுது எதுவும் இல்லை, அது காத்திருப்பதை நிறுத்தினால் போதும். பையில் மடித்து வைத்திருக்கும் துண்டுத் தாளில் ‘ஏடிஎக்ஸ்3’ (ATX3) என்று எழுதியிருப்பது அதற்கான கட்டளை. வழக்கமான எக்ஸ்4 நிலையில் டயல் டோனுக்காகக் காத்திருக்கும் மோடம், எக்ஸ்3 என்றதும் இரண்டு நொடி மட்டும் பொறுத்துத் தானே டயல் செய்யத் தொடங்கும். எதிர்முனை எங்கேஜ்டாக இருந்தால் அதையும் தெரிவிக்கும். எனவே அந்தத் தாளைக் கசங்கிய காகிதம் என்று ஒதுக்கிவிடாமல், கண்ணாடிக்கு அடியில் வையுங்கள்.

ஓட்டல் அறையில் தங்கியவர்களுக்கு வெளி இணைப்பு பெற 0 அல்லது 9 என்ற சிக்கலும் சேர்ந்துகொள்ளும். அந்த எண்ணுக்குப் பின் காற்புள்ளி ஒன்று போட்டால் மோடம் இரண்டு நொடி நின்று, பிறகே மற்ற எண்களை டயல் செய்யும். 1996 அக்டோபர் 18 முதல் பிரான்சில் எண்கள் பத்து இலக்கமாகிவிட்டதால், பாரிஸ் எண் என்றால் 0, இரண்டு காற்புள்ளி, அதன்பின் 01 என்று தொடங்கும் பத்து இலக்கம் என எழுதிவைத்துக்கொள்வோம். இதைவிடப் பெரிய ஆபத்து அறைகளின் தொலைபேசிகளை இணைக்க டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் வைத்திருந்த ஓட்டல்களில் இருந்தது: அந்த லைன்களின் மின்னோட்டம் மோடம் கார்டையே எரித்துவிடக்கூடும். பச்சை, சிவப்பு விளக்குகள் கொண்ட அந்தச் சிறிய லைன் டெஸ்டர் இதற்காகத்தான். சிவப்பு எரிந்தால் வரவேற்பறைக்குப் போய் ஃபேக்ஸ் லைனைக் கேட்பதே வழி. பையில் உள்ளவற்றில் எதை முதலில் எடுத்து வைப்பது என்று நீங்கள் கேட்டால், நான் டெஸ்டரைத்தான் சொல்வேன்.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மோடத்தின் மேல் 56 கே என்று அச்சிட்டிருந்தாலும், ஓட்டல் எக்ஸ்சேஞ்ச் வழியே போனால் நொடிக்கு 33,600 பிட்டைத் தாண்டுவது அரிது. அஞ்சல்களை இறக்கிக்கொண்டு லைனைத் துண்டித்துவிட்டு, நிதானமாகப் பதில் எழுதி, மறுபடி இணைத்து அனுப்புவோம்.

இயங்கவைத்துக் காட்ட லைன் கிடைக்காதே என்று வருந்தினீர்கள். பிரான்சிலேயே 2018 நவம்பருக்குப் பிறகு பழைய வகைத் தொலைபேசி இணைப்பைப் புதிதாகத் தருவதில்லை. நம் ஊரிலும் வீட்டுக்கு வீடு ஃபைபர் வந்துகொண்டிருக்கிறது. ஆனால் உங்களுக்கு லைனே வேண்டாம். இரண்டு மோடம்களின் லைன் துளைகளைச் சாதாரணத் தொலைபேசி ஒயரால் நேரடியாக இணைத்துவிட்டு, ஒன்றில் டயல் செய்யச் சொல்லும் ‘ஏடிஎக்ஸ்3டி’ (ATX3D) என்றும் மற்றதில் அழைப்பை ஏற்கச் சொல்லும் ‘ஏடிஏ’ (ATA) என்றும் கொடுத்தால் பல மோடம்கள் இணைந்துவிடும். இணைய மறுத்தால் ஒயரின் ஒரு இழையை வெட்டி, இடையில் 9 வோல்ட் பேட்டரியையும் 300 ஓம் ரெசிஸ்டரையும் வரிசையாகச் சேர்த்துப் பாருங்கள். நடுவில் எக்ஸ்சேஞ்ச் இல்லை, டயல் டோனும் இல்லை. எக்ஸ்3 எதற்கு என்று மாணவர்கள் கேட்கும் முன்பே அவர்களுக்கு விளங்கிவிடும். இரண்டாவது மோடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் தேடிப்பார்க்கிறேன். பையை எடுத்துப்போக வரும்போது உங்களிடம் இருக்கும் மோடத்தையும் கொண்டுவாருங்கள், என் வீட்டிலேயே இரண்டையும் இணைத்துச் சோதித்துவிடலாம்.

அன்புடன்,
முத்தியால்பேட்டையிலிருந்து உங்கள் அண்ணன்