ஊரடங்குக்கு முந்தைய நாளையும் கணக்கில் சேருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊரடங்கால்தான் கொரோனா அடங்கியதா, இல்லை அது தானாக வந்து தானாகப் போனதா என்று உங்கள் இதழில் நடக்கும் விவாதத்தைப் படித்து வருகிறேன். இரு தரப்புமே ஊரடங்கு தொடங்கிய நாளிலிருந்துதான் கணக்குப் போடுகிறார்கள். கடலூர் மாவட்டத்தில் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். கணக்கை ஒரு நாள் முன்னாலிருந்து தொடங்குங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

2020 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை. சென்னை, கோவை, மதுரையில் 26 முதல் 29 வரை முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். இடையில் இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை. அன்று சென்னையின் கோயம்பேடு மொத்தச் சந்தையில் முண்டியடித்த கூட்டத்தை டிவியில் பார்க்காதவர்கள் குறைவு. நான்கு நாளைக்குக் கடை கிடையாது என்றால் காய் வாங்கப் போகத்தானே செய்வார்கள்? இதில் மக்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊரடங்கு முடிந்து 30ஆம் தேதி கடை திறந்ததும் மறுபடியும் அதே நெரிசல். மே 5 அன்று சந்தையை மூடி, காய்கறி மொத்த வியாபாரத்தைத் திருமழிசைக்கு மாற்றினார்கள். அதற்குள் லோடுமேன்கள் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள்.

மே 4 அன்று தமிழ்நாட்டில் பதிவான 527 தொற்றுகளில் சென்னை 266, கடலூர் 122. அதுவரை எங்கள் மாவட்டத்தின் மொத்தக் கணக்கே சில பத்துகளுக்குள்தான் இருந்தது. விழுப்புரம், அரியலூர், பெரம்பலூரிலும் இதே கதை. அந்த மாதமே கோயம்பேட்டுத் தொடர்பு உள்ளவர்கள் மாநில அளவில் இரண்டாயிரத்தைத் தாண்டினார்கள். கட்டுப்படுத்தப் போட்ட ஊரடங்கு, அவசரத்தில் அறிவித்ததால், ஒரு சந்தையின் தொற்றை நான்கைந்து மாவட்டங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டது.

ஆனால் நிலைமை கைமீறிப் போகவில்லை. ஏன் என்பதுதான் முக்கியம். பஸ் இல்லாத நேரம் அது. விருத்தாசலம் பக்கம் வந்தவர்களில் பலர் காய் இறக்கிவிட்டுத் திரும்பும் மினி லாரிகளில், தார்ப்பாய்க்கு அடியில் ஒட்டி உட்கார்ந்து, ஐந்தாறு மணி நேரம் பயணம் செய்து வந்தவர்கள். பள்ளிக்கூடத்தில் தங்கவைத்து சளி மாதிரி எடுத்தோம். “யார் வீட்டுக்கெல்லாம் போனீங்க?” என்று கேட்டால் வாய் திறக்க மாட்டார்கள். ஊரில் தகராறு வரும் என்ற பயம். “எந்த வண்டியில வந்தீங்க தம்பி, பக்கத்துல யாரு உட்கார்ந்திருந்தா?” என்று கேட்டால் உடனே போனை எடுப்பார்கள். அதில் ‘வெங்காய மண்டி’, ‘பூக்கடை மாமா’ என்றுதான் நம்பர்கள் இருக்கும். அந்த நம்பர்களைப் பிடித்தே அடுத்த தாலுகாவில் இறங்கியவர்களைக் கண்டுபிடித்தோம்.

வண்டி வண்டியாகத் தேடியது சரியான வழிதான் என்று பிறகு ஓர் ஆய்வும் சொன்னது. தமிழ்நாடு, ஆந்திரம் இரண்டிலும் எங்களைப் போன்றவர்கள் எழுதி அனுப்பிய பட்டியல்களை வைத்து, தொற்றுநோய் ஆய்வாளர் ரமணன் லட்சுமிநாராயணன் குழுவினர் 2020இல் ‘சயன்ஸ்’ இதழில் அதை வெளியிட்டார்கள். சுமார் 85,000 நோயாளிகள், அவர்களோடு தொடர்பில் இருந்த ஐந்தே முக்கால் லட்சம் பேர். பத்தில் ஏழு நோயாளிகள், கண்டறியப்பட்ட தொடர்புகளில் ஒருவருக்குக்கூட நோயைக் கொடுக்கவில்லை. பரவலில் பெரும்பகுதி ஒரு சிறு கூட்டத்திடமிருந்து வந்தது. நோயாளியோடு ஒரே வண்டியில் மணிக்கணக்கில் நெருங்கி வந்தவர்களுக்குத்தான் ஆபத்து மிக மிக அதிகம். ஊரையே பூட்டுவதைவிட அந்தச் சிறு கூட்டத்தைச் சீக்கிரம் பிடிப்பது ஏன் பலன் தருகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

சென்னையிலும் அப்படித்தான் பார்க்கிறேன். 2020 ஜூன் 19 முதல் மறுபடியும் கடும் ஊரடங்கு. ஜூன் கடைசியில் நாளுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் இருந்த எண்ணிக்கை, ஜூலை நடுவில் ஆயிரத்து இருநூறு அளவுக்கு இறங்கியது. ஜூலை 6 முதல் தளர்வு கொடுத்த பிறகும் சரிவு நிற்கவில்லை. ஊரில் எல்லாருக்கும் வந்துபோனதால் குறைந்தது என்று சிலர் சொல்கிறார்கள். அந்த ஜூலையில் 12,405 பேரிடம் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது 21.5 சதவீதம் பேருக்குத்தான் வந்துபோயிருந்தது. மீதி ஐந்தில் நான்கு பங்குப் பேர் வெறுமனே தப்பியிருக்க முடியாது. தெருத்தெருவாகப் போட்ட காய்ச்சல் முகாம்கள், வீடு வீடாகப் போய் “யாருக்காவது காய்ச்சலா?” என்று கேட்ட தன்னார்வலர்கள், எளிதான ஆன்டிஜென் சோதனைக்குப் போகாமல் ஆய்வகத்தில் செய்யும் ஆர்டிபிசிஆர் சோதனையையே பிடித்துக்கொண்டது, எல்லாம் சேர்ந்துதான் வேலை செய்தது. இதில் எதற்கு எத்தனை பங்கு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அப்படிச் சொல்பவர்களை நான் நம்புவதுமில்லை.

பயனில்லாததையும் சொல்லிவிட வேண்டும். 2020 ஏப்ரலில் திருப்பூரில் தொடங்கி ஊர் ஊராக வைத்த கிருமிநாசினி சுரங்கப்பாதை, அதே மாதமே மத்திய சுகாதார அமைச்சகம் வேண்டாமென்று சொன்ன ஒன்று. ரோட்டில் ப்ளீச்சிங் பவுடர் தூவியது போட்டோவுக்கு நன்றாக இருந்தது. எல்லாவற்றையும்விடக் கெடுதல் செய்தது, தொற்று வந்தவர்களின் வீட்டுவாசலில் தகரம் அடித்ததுதான். தகரத்துக்கு மேலே கையை நீட்டிப் பால் பாக்கெட் வாங்கும் வீட்டைத் தெருவே நின்று பார்க்கும். அடுத்த வீட்டில் காய்ச்சல் வந்தால் மெடிக்கலில் பாராசிட்டமால் வாங்கிப் போட்டுக்கொண்டு மூச்சுவிட மாட்டார்கள். மாஸ்க் விஷயத்தில் 200 ரூபாய் அபராதம் போட்டோம்; அபராதம் இல்லாமலே இலவசமாகக் கொடுத்து, போடச் சொல்லி நினைவூட்டிக்கொண்டே இருந்தது பலித்தது என்பதற்கு வங்கதேசத்து ஆய்வு இருக்கிறது. அறுநூறு கிராமங்களில் செய்தது. சரியாக மாஸ்க் போட்டவர்கள் 13 சதவீதத்திலிருந்து 42க்கு ஏறினார்கள். அறுவைசிகிச்சை மாஸ்க் கொடுத்த ஊர்களில், அறிகுறியோடு வந்த தொற்று சுமார் பத்தில் ஒரு பங்கு குறைந்தது. முதியவர்களிடம் பலன் இன்னும் அதிகம்.

சரி, கோயம்பேட்டில் பட்டதிலிருந்து கற்றோமா? 2021 மே 21 அன்று மாநிலத்தில் 36,184 பேருக்குத் தொற்று. 24 முதல் தளர்வில்லா ஊரடங்கு என்று சொல்லி, 22, 23 இரண்டு நாளும் கடைகளை இரவு வரை திறந்து பஸ்ஸும் விட்டார்கள். அந்தக் கூட்டத்தால் எண்ணிக்கை மறுபடி ஏறவில்லை, உண்மைதான். 10ஆம் தேதியிலிருந்தே கட்டுப்பாடு இருந்ததால் சரிவு தொடங்கியிருந்தது. ஜூன் கடைசியில் ஐயாயிரத்துக்குக் கீழே வந்தது. அதற்காக அந்த இரண்டு நாளைச் சரியென்று சொல்ல முடியாது. 24க்குப் பிறகு தோட்டக்கலைத் துறையும் உள்ளாட்சிகளும் வண்டியில் காய் கொண்டுவந்து தெருவில் விற்றன. அந்த வண்டிகள் 22ஆம் தேதியே வந்திருந்தால் யாரும் சந்தைக்கு ஓடியிருக்க மாட்டார்கள். டாஸ்மாக்குக்கு 2020 மே மாதமே கலர் கலராக டோக்கன் அடிக்கத் தெரிந்த அரசுக்கு, காய்கறிக்கு அது தோன்றாமல் போனது வேடிக்கை.

இந்தியாவிலேயே முதலில் பொது சுகாதாரத்துக்குத் தனிச் சட்டம் போட்டது சென்னை மாகாணம்தான், 1939இல். அந்தச் சட்டத்தின் கீழ் இனி வகுக்கும் பெருந்தொற்றுத் திட்டத்தில் இரண்டு சேர்க்கச் சொல்கிறேன். ஒன்று, ஊரடங்கு அறிவிப்பதற்கு முன்பே காய்கறி வண்டியும் ரேஷன் டோக்கனும் தெருவுக்கு வந்திருக்க வேண்டும். இரண்டு, மொத்தச் சந்தைகளில் லோடு இறக்குகிறவர்களின் பெயர், சொந்த ஊர், போன் நம்பர் கொண்ட பதிவேடு. கூடவே சந்தையை மூடும் அன்று அவர்கள் ஊர் போக இடைவெளி விட்டு உட்காரும் பஸ்ஸும், இறங்குமிடத்தில் பரிசோதனையும் வேண்டும். பதிவேட்டை வியாபாரிகள் சங்கங்களிடம் இப்போதே கேட்டு வாங்கலாம். வேலைக்கு ஆள் அதிகம் சேரும் பொங்கல் நேரத்தில் ஆண்டுக்கொரு முறை திருத்திக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்,
கடலூர் மாவட்டம்