ஐந்து வட்டாரங்களும் ஒரே விழுக்காடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நியூயார்க் நகரின் ஐந்து வட்டாரங்களில் எத்தனை வெறுப்புக் குற்ற வழக்குகள் தண்டனையில் முடிந்தன என்று ஒப்பிடும் அட்டவணைகளை நாம் அவ்வப்போது பார்க்கிறோம். விழுக்காடு குறைந்த வட்டாரத்தில் அரசு வழக்கறிஞர் மெத்தனமாக இருக்கிறார் என்று முடிவுகட்டிவிடுவது எளிது. அந்த எண்கள் உருவாகும் விதத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்லத் தயக்கம் வரும்.

மன்ஹாட்டன், புருக்ளின், குவீன்ஸ், பிராங்க்ஸ், ஸ்டேட்டன் ஐலண்ட் ஆகிய ஒவ்வொன்றுக்கும் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அரசு வழக்கறிஞர் தனித்தனியே உண்டு. சட்டம் ஒன்றுதான். 2000ஆம் ஆண்டு வந்த வெறுப்புக் குற்றச் சட்டத்தின்படி, பாதிக்கப்பட்டவரை அவரது இனம், சமயம் போன்றவற்றுக்காகவே முழுமையாகவோ பெருமளவிலோ குறிவைத்தார்கள் என்று நிரூபித்தாக வேண்டும். வாய் திறந்து ஏசாமல் பின்னாலிருந்து தள்ளிவிட்டு ஓடியவனின் மனத்தில் இருந்ததை எதைக் கொண்டு காட்டுவது? ஆகவே குற்றத்தை ஒப்புக்கொண்டால் சாதாரணத் தாக்குதல் வழக்காக முடித்துக்கொள்வது என்று இரு தரப்பும் இணங்குவது உண்டு. அவன் சிறைக்கும் போகலாம். ஆனால் வெறுப்புக் குற்றத் தண்டனைக் கணக்கில் அந்த வழக்கு ஏறாது. உறுதியாக வெல்லக்கூடிய வழக்குகளை மட்டும் தேர்ந்தெடுத்துத் தொடுக்கும் அலுவலகத்துக்கோ விழுக்காடு அழகாக உயர்ந்து நிற்கும்.

2021ஆம் ஆண்டின் முதல் மூன்று காலாண்டுகளில் அந்நகரில் ஆசியர்களுக்கு எதிராக நடந்த 233 சம்பவங்களில் 7 மட்டுமே வெறுப்புக் குற்றத் தண்டனையில் முடிந்ததாக அங்குள்ள ஆசிய அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் கணக்கிட்டது. எண்ணிக்கை இவ்வளவு சிறியதாக இருக்கும்போது அதை ஐந்தாகப் பிரித்து விழுக்காடு போடுவதில் என்ன பொருள் இருக்கிறது? 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஸ்டேட்டன் ஐலண்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 500,000, புருக்ளினில் 2.7 மில்லியன். சிறிய வட்டாரத்தில் ஒரு தீர்ப்பு கூடினாலும் குறைந்தாலும் வரிசையே தலைகீழாகும். மன்ஹாட்டனில் தாக்கப்படுபவர் குவீன்சிலிருந்து வேலைக்கு வந்தவராகவும் இருக்கலாம் என்பதால் மக்கள்தொகையால் வகுப்பதும் சரிப்படாது.

கால இடைவெளி மற்றொரு சிக்கல். நம் சிங்கப்பூரின் சுவா சூ காங் வட்டாரத்தில் 2021 மே மாதம் இந்திய மாது ஒருவரை இனத்தைச் சொல்லி ஏசி நெஞ்சில் உதைத்த ஆடவருக்கு 2023இல்தான் நான்கு வாரச் சிறையும், 13.20 வெள்ளி இழப்பீடு செலுத்தும் உத்தரவும் விதிக்கப்பட்டன. (அந்தத் தொகையைப் படித்தபோது பலருக்கும் முகம் சுளித்திருக்கும்.) இதை எந்த ஆண்டின் கணக்கில் சேர்ப்பது? இங்கே நாடு முழுவதற்கும் வழக்குத் தொடுப்பது தலைமைச் சட்ட அதிகாரியின் பொறுப்பு என்பதால் வட்டார ஒப்பீட்டுக்கே இடமில்லை. ஆண்டுக் குழப்பம் மட்டும் நமக்கும் உண்டு.

எனவே இத்தகைய அட்டவணையை வெளியிடும்போது, புகார், கைது, வெறுப்புக் குற்றமாகத் தொடுத்த வழக்கு, அவ்வாறே கிடைத்த தண்டனை, வேறு குற்றமாக மாற்றப்பட்டுக் கிடைத்த தண்டனை ஆகியவற்றை விழுக்காடாக அல்லாமல் எண்ணிக்கையாகவே தருமாறும், நிலுவையிலுள்ள வழக்குகளைத் தனியே குறிப்பிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஈசூன்