துப்பாக்கி வாங்குவது பற்றி

தாண்டிக்குடி

அன்பு மகனுக்கு,

நானும் அம்மாவும் நலம். மிளகு பறித்து முடித்துவிட்டோம்.

அமெரிக்காவில் உன் தெருவில் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது, நாமும் ஒரு துப்பாக்கி வாங்கி வைக்கலாமா என்று போனில் கேட்டாய். வேண்டாம், தம்பி.

துப்பாக்கியே ஆகாது என்கிற ஆள் அல்ல நான். உன் தாத்தா பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி நம் வீட்டில் இருந்தது. துப்பாக்கி இரும்புப் பெட்டியில், தோட்டாக்கள் வேறு அறை பீரோவில், இரண்டு சாவியும் அவருடைய அரைஞாண் கயிற்றில். தேர்தல் அறிவித்தால் கோணிச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோய்க் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குவார். அதை உரிமைப் பறிப்பு என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு இங்கே உரிமம் இருந்தாலும் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது.

உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கியின் கதை வேறு. புதர் அசைந்தது, பன்றி என்று நினைத்துச் சுட்டேன் என்பான். விழுந்து கிடப்பவன் இரவுக் காவலுக்குப் போன பக்கத்துத் தோட்டத்துக்காரனாக இருப்பான்.

நீ இருக்கும் டெக்சாஸில் 2021 முதல் 21 வயதானவர் உரிமமே இல்லாமல் கைத்துப்பாக்கியோடு நடமாடலாம். அங்குள்ள யுவால்டி ஊர்ப் பள்ளியில் 2022 மே 24 அன்று 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் கொன்றவன், 18 வயது நிரம்பிய கையோடு கடையில் முறைப்படி வாங்கிய துப்பாக்கியைத்தான் எடுத்துப் போனான். நல்லவன் கையில் துப்பாக்கி இருந்தால் தடுத்துவிடலாம் என்கிறார்களே, சில நிமிடங்களில் வந்து சேர்ந்த போலீஸார் ஆயுதத்தோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் வகுப்பறைக்கு வெளியே நின்றார்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. அடுத்த மாதமே, துப்பாக்கி வாங்க வரும் 21 வயதுக்குட்பட்டவர்களைக் கூடுதலாக விசாரிக்கும் சட்டம் அமெரிக்கா முழுவதற்கும் வந்தது. அது போதாது, வாங்கும் வயதையே உயர்த்தியிருக்க வேண்டும்.

குழந்தை கைக்கு எட்டும்படி குண்டு நிரப்பிய துப்பாக்கியை விட்டுவைப்பது அங்கேயும் குற்றம்தான். ஆனால் குழந்தை அதை எடுத்த பிறகல்லவா அந்தச் சட்டம் வீட்டுக்குள் வருகிறது?

ஆகவே, பாப்பாவைத் தோழி வீட்டுக்கு அனுப்பும்முன் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறார்களா என்று கேட்டுவிடு. சங்கடப்படாதே. நாய் கட்டியிருக்கிறதா என்று கேட்டுத்தானே இங்கே பிறர் தோட்டத்துக்குள் நுழைகிறோம்?

மருமகள் என்ன நினைக்கிறாள் என்று நீ சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் அவளிடமும் பேச வேண்டும்.

அன்புடன்,
அப்பா