முழங்கை எங்கே போனது? தி.நகர் கடை முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

தி.நகர் ஜவுளிக்கடை, நகைக்கடை முதலாளிகளுக்கும், அவர்களுக்கு விளம்பரப் படம் எடுத்துத் தருகிறவர்களுக்கும்,

வணக்கம். நான் உங்கள் பழைய வாடிக்கையாளர். என் கல்யாணப் பட்டு உங்களில் ஒருவர் கடையில்தான் எடுத்தோம். மகள் காதுகுத்துக்குத் தோடு வாங்கியதும் தி.நகரில்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

நாலைந்து வருடமாக எனக்கு ஒரு பழக்கம். தெருவில் நிற்கும் விளம்பரப் பலகைகளைப் படம் எடுப்பேன். முதலில் செல்போனில் எடுத்தேன். அப்புறம் செகண்ட் ஹேண்டில் ஒரு கேமராவும், தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கும் லென்ஸும் வாங்கினேன். பனகல் பூங்கா சிக்னல், உஸ்மான் சாலை, மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் சேர்த்து 2023இல் திறந்தார்களே அந்த ஆகாய நடைபாதை, இவைதான் நான் நிற்கும் இடங்கள். "எந்தப் பத்திரிகைம்மா?" என்று போலீஸ்காரர் கேட்பார். பொழுதுபோகவில்லை சார் என்பேன். நம்பாமல் போவார்.

லென்ஸில் இழுத்துப் பார்த்த ஒரு நாள்தான் முழங்கை கண்ணில் பட்டது. நகை விளம்பரம். மணப்பெண் கையை மடக்கிக் கன்னத்தில் விரல் வைத்திருக்கிறாள். நெற்றி என்ன நிறமோ அதே நிறம் முழங்கையும். விரல் முட்டியில் ஒரு மடிப்புக் கிடையாது, துளிக் கருமை கிடையாது. மோதிர விரல் மெழுகில் வார்த்த மாதிரி இருக்கிறது. எவ்வளவு வெளுத்த பெண்ணாக இருந்தாலும் முழங்கை கொஞ்சம் கறுத்துத்தானே இருக்கும்? கையை ஊன்றாமல் பரீட்சைக்குப் படித்தவர் யார்? அன்றிலிருந்து படங்களை வீட்டில் பெரிதாக்கி முழங்கை தேடுவதே வேலையாகிவிட்டது.

நிறத்தையும் பார்த்தேன். மாநிறப் பெண்கள் வந்த பலகைகளைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். அவையும் பெரும்பாலும் மருத்துவ முகாம், மகளிர் கடன், கைத்தறிக் கண்காட்சி வகை. கடன் வாங்க நம் நிறம் போதும், நகை போட்டுக்கொள்ளத்தான் போதாது போலிருக்கிறது.

இனி உங்கள் கடைக்குள் வருகிறேன். மூன்றாவது மாடி, பட்டுப் பிரிவு. ஐம்பது புடவை பார்த்தும் மனசு வராத வாடிக்கையாளரிடம் விற்பனைப் பெண் கடைசியாக என்ன செய்வாள்? புடவையை விரித்து, கொசுவம் மடித்து, தன் யூனிஃபார்ம் புடவை மேலேயே தோளில் போட்டுக் காட்டுவாள். "இப்ப பாருங்கக்கா." அரக்குப் பட்டு அந்தக் கறுத்த கழுத்தோரம் விழுந்ததும், எதிரே உட்கார்ந்திருக்கும் அம்மாவும் அத்தையும் ஒரே குரலில் "இதையே எடுத்துரலாம்" என்பார்கள். என் கல்யாணப் பட்டை நான் அப்படித்தான் தேர்ந்தெடுத்தேன். உங்கள் வியாபாரம் முடிகிற இடம் அந்தத் தோள். நாள் முழுக்க நின்றபடியே விற்றவர்கள் அவர்கள். உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வரவே 2021 ஆனது. இருக்கை வந்த பிறகும், வாசலில் தொங்கும் பலகையில் மட்டும் அவர்களுக்கு இடம் வரவில்லை.

விதிப்படி உங்கள் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. கறுத்தவர்களை அழகற்றவர்களாக, சோகமானவர்களாக, கல்யாணத்திலும் வேலையிலும் தோற்றவர்களாகக் காட்டக் கூடாது என்று சிவப்பழகுப் பொருள் விளம்பரங்களுக்கு விளம்பரத் தரக் கவுன்சில் 2014இல் விதி போட்டது. உங்கள் பலகையில் அழுதுகொண்டிருக்கும் கறுப்புப் பெண்ணே இல்லை. கறுப்புப் பெண்ணே இல்லாதபோது விதி எங்கே மீறப்படுகிறது? 1975இலிருந்து விற்ற ஃபேர் அண்ட் லவ்லி 2020இல் பெயரில் இருந்த ஃபேரை எடுத்துவிட்டு க்ளோ என்று போட்டுக்கொண்டது. உங்களுக்கு அந்தச் சிரமம்கூடக் கிடையாது. சிவப்பு என்ற வார்த்தையை நீங்கள் சொன்னதே இல்லையே, காட்டியதோடு சரி.

இதில் என்ன கெட்டுப்போனது என்று கேட்பீர்கள். என் அப்பத்தா கதையைச் சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்பத்தா இறந்தபோது கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் அடிக்க நான்தான் போனேன். அப்பத்தா நல்ல கறுப்பு. வெற்றிலைச் சிவப்பு உதடு, மூக்கின் இரண்டு பக்கமும் கல் மூக்குத்தி. நான் கொடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்த பையன், நான் பெயரும் தேதியும் சொல்லி முடிப்பதற்குள் முகத்தை வெளுத்துவிட்டான். மூக்குத்திக் கல் தோலோடு கரைந்துபோனது. "ஏம்ப்பா இப்படி?" என்றேன். "எல்லாரும் கடைசியில கேப்பாங்கக்கா, அதான் முதல்லயே பண்ணிட்டேன்" என்றான். பழையபடி மாற்றச் சொன்னேன். பக்கத்தில் நின்ற சித்தப்பா, "இருக்கட்டும்மா, நல்லாத்தானே இருக்கு" என்று பணத்தைக் கொடுத்துவிட்டார். தெருமுனையில் அதைக் கட்டியபோது, முப்பது வருடம் அப்பத்தாவுக்குப் பூ கொடுத்த பூக்காரம்மா வந்து நின்று பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இது யாரும்மா?"

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. காதணி விழா, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், சாவு என்று ஒரு நாளைக்கு எத்தனை முகத்தை வெளுத்துவிடுகிறானோ. இவ்வளவுதான் அழகு என்று அவன் பார்த்து வளர்ந்தது உங்கள் பலகைகளைத்தான்.

நம் பழைய பாட்டுகளில் தலைவியின் அழகுக்கு மாமை என்று பெயர், மாந்தளிர் நிறம். அந்த மாமையைப் பசலை தின்றுவிட்டது என்றுதான் அவள் அழுவாள். வெளிறிப்போவது அங்கே நோய். உங்கள் பலகைப் பெண்களுக்கும் அந்த நோய் வருவதைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். கழற்ற மறந்த ஃபிளெக்ஸில் சென்னை வெயில் பட்டுப் பட்டு, சிவப்பு மையும் மஞ்சள் மையும் முதலில் போய்விடும். மிச்சம் நீலம்தான். தங்க ஒட்டியாணம் சாம்பலாக, மணப்பெண் நீலம் பூத்து நிற்பாள். பார்க்கப் பாவமாக இருக்கும்.

"ஜனங்க இதைத்தான் கேக்கறாங்க" என்பீர்கள். நீங்கள் வேறெதையாவது ஒரு தடவை காட்டிப் பார்த்தீர்களா? சிவப்பழகு க்ரீம் விளம்பரத்தில் நடிக்க முடியாது என்று சாய் பல்லவி மறுத்தது 2019இல் செய்தியானது. 2 கோடி ரூபாய் என்றார்கள். அதனால் அவர் மார்க்கெட் ஒன்றும் குறையவில்லை. பிரான்சில் மாடலின் உடல்வாகைக் கம்ப்யூட்டரில் மாற்றினால், திருத்தப்பட்ட படம் என்று விளம்பரத்திலேயே அச்சிட வேண்டும். 2017இலிருந்து அங்கே அது சட்டம். அவ்வளவு தூரம் நான் போகவில்லை.

ஆடித் தள்ளுபடி வருகிறது. ஒரே ஒரு பலகை போதும். மூன்றாவது மாடியில் புடவையைத் தோளில் போட்டுக் காட்டுகிற பெண்களில் விருப்பம் உள்ள ஒருவரைக் கேளுங்கள். மும்பையிலிருந்து வரும் மாடலுக்குக் கொடுப்பதைக் கொடுங்கள், சம்பளத்தில் கழித்துக்கொள்ளாதீர்கள். படம் திருத்துகிறவரிடம், புடவையில் நூல் பிரிந்திருந்தால் சரிசெய், தோலைத் தொடாதே என்று சொல்லிவிடுங்கள்.

ஆடி முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்கு, கூட்டம் சேர்வதற்கு முன்னால், அந்த ஆகாய நடைபாதையில் கேமராவோடு நிற்பேன். முதலில் முழங்கையைத்தான் இழுத்துப் பார்ப்பேன்.

இப்படிக்கு,
அரக்குப் பட்டு வாங்கிய வாடிக்கையாளர்