குடியிருப்போர் சங்கம்: 2024-25 செயலாளர் ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவ ட்ரஷரர் படிப்பாரு. லிஃப்ட் வருஷ பராமரிப்பு ஒப்பந்தம் (ஏஎம்சி) புதுப்பிச்சாச்சு, சம்ப் கழுவியாச்சு, அதெல்லாம் மினிட்ஸ்லயே இருக்கு. இந்த வருஷம் கமிட்டிய பாடா படுத்துனது ஜெனரேட்டர் புகை, அதனால அதத்தான் விரிவா எழுதுறேன்.

பால்கனில கரி படியுதுன்னு ஏ பிளாக்ல ஜெனரேட்டரையே தூக்கச் சொன்னாங்க. புகைக்குழாய மொட்டை மாடிக்கு மேல ஏத்துனோம், கரி நின்னுச்சு, ஆனா கண்ணுக்கு தெரியாத கார்பன் டை ஆக்சைடு எங்க நிக்குது? லிட்டர் டீசலுக்கு கிட்டத்தட்ட 2.7 கிலோ வருது. "லிட்டரே ஒரு கிலோ இல்லியே சார்"னு ஒருத்தர் மீட்டிங்ல மடக்குனாரு, நியாயமான கேள்விதான். எரியும்போது டீசல்ல உள்ள கார்பன் காத்துல இருக்குற ஆக்சிஜனோட சேருது, எடைல முக்காவாசி அந்த ஆக்சிஜன்தான்.

ஆனா ஜெனரேட்டர் கரண்ட் போனாதான் ஓடுது. லிஃப்ட், மோட்டார், காரிடார் லைட் எல்லாம் வருஷம் பூரா ஈபி கரண்ட்ல ஓடுது, இந்தியாவுல பத்துல ஏழு பங்கு கரண்ட் நிலக்கரில வருது, யூனிட்டுக்கு சராசரியா 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஒடிசா தால்சேர்ல தோண்டுற கரி பாரதீப்ல கப்பல் ஏறி எண்ணூர்ல எறங்கி அத்திப்பட்டு அனல் மின் நிலையத்துல எரியுது, நம்ம பால்கனில படியாததால யாரும் புகார் குடுக்கல, அவ்வளவுதான்.

"நாம விடுற மூச்சும் அதே கேஸ்தானே"ன்னு அடுத்த கேள்வி. அது நாம சாப்புட்ட அரிசி பருப்புல இருந்து வருது, அந்த பயிரு அத காத்துல இருந்து இப்பத்தான் எடுத்துச்சு, கணக்கு நேராயிடும். தால்சேர் கரி 25 கோடி வருஷத்துக்கு மேல மண்ணுக்குள்ள கெடந்தது, அத எரிச்சா புது வரவு. ஹவாய் தீவுல மௌனா லோவா மலைல விஞ்ஞானி சார்லஸ் கீலிங் 1958ல அளக்க ஆரம்பிச்சப்ப காத்துல கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்துக்கு 315 பங்கு, இப்ப 420ஐ தாண்டிடுச்சு.

அதனால காமன் மீட்டருக்கு சோலார் போடலாம்னு கமிட்டி சொல்லுது. சங்கங்களுக்கு மத்திய அரசு மானியம் கிலோவாட்டுக்கு 18,000 ரூபா. கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி வேணும், நாளைக்கு சுமாரா 4 யூனிட் கெடைக்கும். ஒண்ணு சொல்லிடுறேன், இது ஈபி லைனோட சேர்ந்து ஓடுறதால கரண்ட் போனா இந்த சோலாரும் நின்னுடும், ஜெனரேட்டர விக்கலாம்னு கனவு காணாதீங்க. டேங்க் நிழல் விழாத எடம் தெக்கு பக்கம் மட்டும்தான், அங்கதான் துணி காயப்போடுற கொடி இருக்கு, அத நகத்த சி பிளாக் இன்னும் ஒத்துக்கல. கொட்டேஷன் நோட்டீஸ் போர்டுல இருக்கு, பாத்துட்டு வாங்க, இன்னைக்கே ஓட்டுக்கு விடுறோம்.